செங்கல் தடத்தில் 500 மைல்: இண்டியானாபொலிஸ் பந்தயத்தின் வரலாறு

இண்டியானாபொலிஸ் 500, அமெரிக்காவின் இண்டியானா மாநிலத் தலைநகரில் ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் நடக்கும் கார் பந்தயம். ஓட்டுநர் ஒருவர் மட்டுமே அமரக்கூடிய, சக்கரங்கள் உடற்கூட்டுக்கு வெளியே நிற்கும் கார்கள் இதில் ஓடுகின்றன. இரண்டரை மைல் தடத்தை 200 முறை சுற்றினால் 500 மைல், அதாவது சுமார் 805 கிலோமீட்டர். கணக்குப்படி இது இண்டிகார் சாம்பியன்ஷிப்பின் ஒரு பருவத்தில் வரும் பல பந்தயங்களுள் ஒன்று. ஆனால் 1911 முதல் இன்றுவரை இதை நடத்திய அமைப்புகள் மாறிவிட்டன. இதைத் தன்னுள் வைத்திருந்த சாம்பியன்ஷிப்புகள் உடைந்தும் மறைந்தும் போயின. பந்தயம் மட்டும் அதே தடத்தில், அதே தூரத்துக்கு, அதே வழக்கங்களோடு நடக்கிறது. அந்த வழக்கங்கள் பெரும்பாலும் யாரும் திட்டமிட்டு ஏற்படுத்தியவை அல்ல. ஒரு விபத்து, ஒரு வகுத்தல் கணக்கு, ஒருவரின் தாகம் என்று அந்தந்த நாளின் தேவையில் முளைத்தவை.

தடம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இண்டியானாபொலிஸ் கார் தொழிலின் முக்கிய ஊர்களில் ஒன்று. மார்மன், நேஷனல் போன்ற கம்பெனிகள் அங்கே கார்களைத் தயாரித்தன. ஆனால் அந்தக் கார்களை முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க நல்ல சாலை இல்லை. இந்தக் குறையைப் போக்கக் கிளம்பியவர் கார்ல் ஃபிஷர். சைக்கிள் கடையில் தொடங்கி, கார் முகப்பு விளக்குகளுக்கான வாயு தயாரிப்பில் பணம் சேர்த்தவர். பிற்காலத்தில் மயாமி பீச் நகரை உருவாக்கியவரும் இவரே. ஜேம்ஸ் அலிசன், ஆர்தர் நியூபி, ஃபிராங்க் வீலர் ஆகிய மூவருடன் கூட்டுச் சேர்ந்து, நகரின் வடமேற்கே 300 ஏக்கருக்கு மேல் விவசாய நிலத்தை வாங்கி, 1909-இல் தடத்தை அமைத்தார்.

தடத்தின் வடிவம் அன்று போட்டபடியே இன்றும் இருக்கிறது. நீளமான நேர்ப்பாதைகள் இரண்டு, குட்டையானவை இரண்டு, அவற்றை இணைக்கும் கால் மைல் வளைவுகள் நான்கு. ஒவ்வொரு வளைவும் உட்பக்கமாக ஒன்பது டிகிரிக்குச் சற்று மேல் சாய்ந்திருக்கும். மாறியது தடத்தின் மேற்பரப்புதான்.

முதலில் ஜல்லியைக் கொட்டித் தார் ஊற்றினார்கள். 1909 ஆகஸ்டில் மூன்று நாள் கார் பந்தயங்கள் நடந்தபோது அந்தப் பரப்பு பெயர்ந்து குழிகள் விழுந்தன. புழுதி கண்ணை மறைத்தது. சக்கரங்கள் வாரியிறைத்த கற்கள் பின்னால் வந்த ஓட்டுநர்களின் முகத்தில் அடித்தன. முதல் நாளில் ஓர் ஓட்டுநரும் அவருடைய மெக்கானிக்கும் இறந்தார்கள். மூன்றாம் நாள் ஒரு கார் தடத்தை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்ததில் ஒரு மெக்கானிக்கும் பார்வையாளர்கள் இருவரும் பலியானார்கள். 300 மைல் ஓட வேண்டிய அன்றைய பந்தயம் 235 மைலிலேயே நிறுத்தப்பட்டது.

தடத்தை இழுத்து மூட வேண்டிய நிலையில், ஃபிஷரும் கூட்டாளிகளும் இன்னும் பணம் போட்டுச் செங்கல் பாவ முடிவு செய்தார்கள். ஒவ்வொன்றும் நான்கு கிலோவுக்கு மேல் எடையுள்ள 32 லட்சம் செங்கற்கள், மணல் படுகையின் மேல் கையாலேயே அடுக்கப்பட்டு, இடுக்குகளில் சிமென்ட் கலவை ஊற்றப்பட்டது. வேலை 63 நாட்களில் முடிந்தது. ‘பிரிக்யார்டு’, அதாவது செங்கல் முற்றம், என்ற செல்லப்பெயர் தடத்துக்கு வந்தது இப்படித்தான். 1930-களில் வளைவுகளில் தார் போடத் தொடங்கினார்கள். 1961-இல் மீதியிருந்த முகப்புப் பகுதியையும் தார் மூடியது. தொடக்கக் கோட்டில் மட்டும் ஒரு கஜ அகலத்துக்குச் செங்கல்லை விட்டுவைத்தார்கள். வென்றவர்கள் மண்டியிட்டு முத்தமிடும் இடம் அதுதான். அந்த முத்தமும் இந்தப் பந்தயத்தில் பிறந்ததல்ல. 1996-இல் அதே தடத்தில் ஓடிய நாஸ்கார் பந்தயத்தின் வெற்றியாளர் டேல் ஜாரட் தொடங்கிவைத்ததை, 2003-இல் ஜில் டி ஃபெரான் 500-க்குக் கொண்டுவந்தார்.

ஒற்றை இருக்கையும் ஒரு கண்ணாடியும்

1910-இல் பல சிறு பந்தயங்களை அடுத்தடுத்து நடத்தியதில் கூட்டம் வரவரக் குறைந்தது. ஆண்டுக்கு ஒரே பந்தயம், ஆனால் பெரிய தொகை, பெரிய தூரம் என்று உரிமையாளர்கள் திட்டத்தை மாற்றினார்கள். காலையில் வந்தவர்கள் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டும். அதற்கு 500 மைல் சரியாக இருந்தது. போரில் மாண்ட வீரர்களை நினைவுகூரும் மே 30 விடுமுறை நாளாகவும் அமைந்தது.

1911 மே 30 அன்று 40 கார்கள் புறப்பட்டன. அத்தனை கார்களையும் நிற்க வைத்துக் கிளப்புவது ஆபத்து என்று கருதிய ஃபிஷர், தாமே ஒரு காரை முன்னால் ஓட்டிச்சென்று, எல்லாரும் ஓரளவு வேகம் பிடித்தபின் விலகிக்கொண்டார். முன்னோடிக் கார் வழிநடத்த, ஓடும் நிலையிலேயே பந்தயம் தொடங்கும் முறை அன்று தொடங்கியது.

அந்நாளில் பந்தயக் காரில் இருவர் செல்வது வழக்கம். ஓட்டுநர் ஒருவர், பக்கத்தில் எண்ணெய் அழுத்தத்தைக் கவனித்து, பின்னால் யார் நெருங்குகிறார் என்று திரும்பிப் பார்த்துச் சொல்லும் மெக்கானிக் ஒருவர். மார்மன் கம்பெனியின் பொறியாளர் ரே ஹரூன் இந்த வழக்கத்தை விட்டார். எடையையும் காற்றுத் தடையையும் குறைக்க, ஒரே இருக்கையும் குறுகலான கூர்வாலும் கொண்ட மஞ்சள் நிறக் காரை அவர் கட்டினார். ‘மார்மன் வாஸ்ப்’ எனப்பட்ட அந்தக் குளவிக்கு எண் 32. பின்னால் பார்க்க ஆளில்லாத கார் மற்றவர்களுக்கு ஆபத்து என்று போட்டியாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஹரூன் தம் முகத்துக்கு எதிரே கம்பிகளின் மேல் ஒரு நீள்சதுரக் கண்ணாடியைப் பொருத்தினார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குதிரை வண்டியில் அப்படியொன்றைப் பார்த்த நினைவில் வந்த யோசனை அது. கண்ணாடி எதிர்ப்பை அடக்கியது. பின்னால் வருவதைக் காட்டியதா என்பது வேறு விஷயம். செங்கல் தடத்தின் அதிர்வில் கண்ணாடி ஆடிய ஆட்டத்தில் எதுவும் சரியாகத் தெரியவில்லை என்று ஹரூன் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

6 மணி 42 நிமிடத்தில், மணிக்குச் சராசரி 74.6 மைல் வேகத்தில் ஹரூன் வென்றார். நடுவில் சிறிது தூரம் சைரஸ் பாட்ச்கி அவருக்குப் பதிலாக ஓட்டினார். பரிசு 14,250 டாலர். ஒற்றை இருக்கைக் காரின் இந்த வெற்றியை நிர்வாகிகள் உடனே ஏற்கவில்லை. 1912 முதல் 1922 வரை மெக்கானிக் கட்டாயம் என்று விதி வந்தது. 1923-இல் தளர்ந்த விதி, செலவைக் குறைத்து, சாதாரணக் கார்களைப் போன்றவற்றை ஓட வைக்கும் நோக்கத்துடன் 1930-இல் திரும்பி 1937 வரை நீடித்தது. அதன் பிறகே ஒற்றை இருக்கை நிலையான வடிவமாயிற்று.

மெக்கானிக் உடனிருந்த காலத்தின் மறக்க முடியாத காட்சி 1912-இல் நடந்தது. மெர்சிடீஸ் காரில் ரால்ஃப் டி பால்மா 196 சுற்றுகள் முன்னணியில் இருந்தார். அடுத்தவர் ஐந்து சுற்றுகளுக்கு மேல் பின்தங்கியிருந்தார். முடிவை நெருங்கும்போது எஞ்சின் உடைந்தது. டி பால்மாவும் மெக்கானிக் ரூபர்ட் ஜெஃப்கின்ஸும் இறங்கி, கூட்டம் ஆரவாரிக்க, காரைத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். கடைசி இரண்டு சுற்றுகளில் மட்டும் முன்னிலை பெற்ற ஜோ டாசன் வென்றார். அதே நாளில் ரால்ஃப் மல்ஃபோர்டு, முழு தூரத்தையும் முடித்தால்தான் பரிசு என்ற விதிக்காக, எல்லாரும் போன பின்னும் ஓட்டிக்கொண்டே இருந்தார். 8 மணி 53 நிமிடத்தில் பத்தாம் இடத்துப் பரிசு அவருக்குக் கிடைத்தது. டி பால்மா 1915-இல் வென்று பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்டார்.

முப்பத்து மூன்று

இண்டியானாபொலிஸில் புறப்படும் கார்களின் எண்ணிக்கை 33. வரிசைக்கு மூன்றாகப் பதினொரு வரிசை. இந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது வகுத்தல் கணக்கு மட்டுமே. அன்று பந்தயங்களை மேற்பார்த்த அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கம், தடத்தில் ஒரு காருக்கு 400 அடி இடம் வேண்டும் என்று வரையறுத்தது. இரண்டரை மைல் என்பது 13,200 அடி. அதை 400-ஆல் வகுத்தால் 33. 1930-களின் தொடக்கத்தில் இந்த எண்ணிக்கை நாற்பதைத் தாண்டியதும் உண்டு. 1934-இலிருந்து சில ஆண்டுகள் நீங்கலாக 33 மாறவில்லை. இடத்தைவிட ஆள் அதிகமாக வரும் ஆண்டுகளில் 34-ஆவது காரின் ஓட்டுநர் வெளியேறும் தகுதிச் சுற்று நாள், பந்தயத்துக்கு இணையான பரபரப்பைத் தருவது இதனால்தான்.

கோப்பையும் மோரும்

1927-இல் ஃபிஷர் குழு தடத்தை எடி ரிக்கன்பேக்கரிடம் விற்றது. முதல் உலகப் போரில் புகழ்பெற்ற விமானி அவர். அதற்குமுன் இதே தடத்தில் பந்தயம் ஓட்டியவர். அவருடைய காலத்தில் இரண்டு புதிய வழக்கங்கள் வந்தன.

முதலாவது போர்க்-வார்னர் கோப்பை. 1936-இல் அறிமுகமான, ஐந்தடிக்கு மேல் உயரமுள்ள அந்த வெள்ளிக் கோப்பையில் ஒவ்வொரு வெற்றியாளரின் முகமும் சிற்பமாகப் பதிக்கப்படுகிறது. ஹரூனில் தொடங்கும் முகங்களின் வரிசை ஆண்டுக்காண்டு நீள்கிறது. கோப்பை தடத்தின் அருங்காட்சியகத்திலேயே இருக்கும். வென்றவருக்குச் சிறிய நகல் ஒன்றுதான் வீட்டுக்குப் போகும்.

இரண்டாவது பால். லூயிஸ் மேயர் என்ற ஓட்டுநருக்கு, வெயில் நாளில் மோர் குடித்தால் உடம்பு குளிரும் என்று அவருடைய தாயார் சொல்லிக்கொடுத்திருந்தார். 1933-இல் இரண்டாம் முறை வென்றபோது அவர் மோர் கேட்டு வாங்கிக் குடித்தார். 1936-இல் மூன்றாவது வெற்றி. மூன்று முறை வென்ற முதல் ஓட்டுநர் அவர். கையில் புட்டியோடு அவர் மோர் குடிக்கும் படம் பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்த பால் நிறுவன அதிகாரி ஒருவர் அதைப் பால் என்று எண்ணி, வெற்றியாளருக்கு ஆண்டுதோறும் பால் தர ஏற்பாடு செய்தார். 1947-இல் விட்டுப்போன அந்த வழக்கம், பால் உற்பத்தியாளர்கள் பரிசுத் தொகையோடு வந்ததால் 1956-இல் திரும்பியது. 1993-இல் வென்ற எமர்சன் ஃபிட்டிபால்டி, பிரேசிலில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்தவர், முதலில் ஆரஞ்சுச் சாறு குடித்தார். ரசிகர்களின் கோபம் அவரைப் பல ஆண்டுகள் விடவில்லை.

போரும் மீட்சியும்

முதல் உலகப் போரின்போது 1917, 1918-இல் பந்தயம் நடக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் 1942 முதல் 1945 வரை தடத்துக்குப் பூட்டுப் போட்டது. 1944 இறுதியில், மூன்று முறை வென்ற வில்பர் ஷா செயற்கை ரப்பர் டயர் ஒன்றைச் சோதிக்க அங்கே வந்தார். செங்கல் இடுக்குகளில் களை முளைத்திருந்தது. மர அரங்குகள் உளுத்துச் சரிந்திருந்தன. இடத்தை வீட்டுமனைகளாகப் போடப் போகிறார்கள் என்ற பேச்சு இருந்தது. ஷா வாங்குவதற்கு ஆள் தேடினார். டெரி ஹோட் ஊரின் வணிகரும் பேக்கிங் பவுடர் தயாரிப்பாளருமான டோனி ஹல்மன் 1945 நவம்பரில் 7,50,000 டாலருக்கு வாங்கினார். ஆறே மாதத்தில், 1946 மே 30 அன்று, பந்தயம் மீண்டும் நடந்தது. ஹல்மன் குடும்பத்திடம் தடம் எழுபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது.

உலகச் சாம்பியன்ஷிப்பில் ஓர் அந்நியர்

1950-இல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர்களுக்கான உலகச் சாம்பியன்ஷிப் தொடங்கியபோது அதன் பந்தயங்களில் ஒன்றாக இண்டியானாபொலிஸ் 500-உம் சேர்க்கப்பட்டது. மற்றவை எல்லாம் ஐரோப்பாவில் நடந்தால் ‘உலக’ என்ற சொல்லுக்குப் பொருள் இருக்காதே. ஆனால் விதிகள் வேறு, கார்கள் வேறு. ஐரோப்பாவின் முன்னணி ஓட்டுநர்களில் 1952-இல் ஃபெராரியில் வந்த ஆல்பெர்டோ அஸ்காரி மட்டும் ஓடினார். சக்கரம் முறிந்து நாற்பது சுற்றோடு நின்றார். இண்டியானாபொலிஸில் ஓடிய அமெரிக்க ஓட்டுநர்களோ பெரும்பாலும் ஐரோப்பா போகவில்லை. இந்த ஒட்டாத உறவு 1960-உடன் முடிந்தது. இதே காலத்தில் 1953-இலும் 1954-இலும் வென்ற பில் வுகோவிச், 1955-இல் மூன்றாவது வெற்றிக்கு முன்னிலையில் ஓடும்போது விபத்தில் இறந்தார். அந்த ஆண்டோடு ஆட்டோமொபைல் சங்கம் பந்தயத் துறையை விட்டு விலகியது. அமெரிக்க ஆட்டோ கிளப் என்ற புதிய அமைப்பு பொறுப்பேற்றது.

சாம்பியன்ஷிப் உறவு முறிந்த மறு ஆண்டே ஐரோப்பா உண்மையில் வந்து சேர்ந்தது. இண்டியானாபொலிஸ் கார்களில் அதுவரை பெரும்பாலும் எஞ்சின் முன்னால் இருக்கும். 1961-இல் ஆஸ்திரேலியர் ஜாக் பிராபம், எஞ்சின் பின்னால் இருந்த சிறிய கூப்பர் காரில் வந்து ஒன்பதாம் இடம் பிடித்தார். நேர்ப்பாதையில் பெரிய கார்கள் அவரைத் தாண்டின. வளைவுகளில் அவர் அவற்றைப் பிடித்தார். 1965-இல் ஸ்காட்லாந்தின் ஜிம் கிளார்க், லோட்டஸ் காரில் 200 சுற்றுகளில் 190-இல் முன்னிலை வகித்து வென்றார். பின்-எஞ்சின் காருக்கு அதுவே இங்கே முதல் வெற்றி. அதே ஆண்டு உலகச் சாம்பியனும் அவர்தான். சில ஆண்டுகளுக்குள் முன்-எஞ்சின் கார்கள் தடத்திலிருந்து மறைந்தன.

நெருப்பும் வேகமும்

வேகம் கூடக் கூட விலையும் கூடியது. 1964-இல் இரண்டாவது சுற்றிலேயே டேவ் மெக்டொனால்டின் கார் சுவரில் மோதித் தீப்பற்ற, எடி சாக்ஸின் கார் அதில் பாய்ந்தது, இருவரும் இறந்தார்கள். விபத்துக்காகப் பந்தயம் நிறுத்தப்பட்டது அதுவே முதல் முறை. அடுத்த ஆண்டு எரிபொருள் விதிகள் மாறின. பெட்ரோல் விலகி மெத்தனால் பரவியது. 1973-இல் மழையாலும் விபத்துகளாலும் பந்தயம் மூன்றாம் நாளுக்கு இழுத்தது. ஸ்வீட் சேவேஜும் ஒரு குழுப் பணியாளரும் பலியானார்கள். எரிபொருள் அளவும் காரின் இறக்கை அளவும் குறைக்கப்பட்டன. 2002-இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் உருவாக்கிய, எஃகுக் குழாய்களுக்குப் பின்னால் நுரைப் பொதிகளை வைத்த தாங்கு சுவர் இங்கேதான் முதலில் பொருத்தப்பட்டது. பின்னர் மற்றத் தடங்களுக்கும் அது போயிற்று.

1996-இல் ஆரி லையண்டைக் நான்கு தகுதிச் சுற்றுகளில் எட்டிய மணிக்கு 236.986 மைல் சராசரி, அதாவது சுமார் 381 கிலோமீட்டர், இன்றும் சாதனை. 2021-இல் ஹெலியோ காஸ்ட்ரோனெவ்ஸ் 500 மைலை 2 மணி 37 நிமிடத்தில் முடித்தார். ஹரூனுக்கு ஆன நேரத்தில் பாதிகூட இல்லை. அது காஸ்ட்ரோனெவ்ஸுக்கு நான்காவது வெற்றி. ஏ.ஜே. ஃபாய்ட், அல் அன்சர், ரிக் மியர்ஸ் ஆகியோரும் நான்கு முறை வென்றவர்கள். ஐந்தை யாரும் தொடவில்லை.

பெண்களுக்குக் கதவு மெதுவாகவே திறந்தது. 1971 வரை கார்க் கொட்டகைப் பகுதிக்குள் பெண்கள் நுழையவே தடை. 1977-இல் ஜேனட் கத்ரி தகுதி பெற்ற முதல் பெண் ஓட்டுநரானார். ஆண்களை மட்டும் விளித்து எஞ்சினைக் கிளப்பச் சொல்லும் பழைய அறிவிப்பை அந்த ஆண்டு மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. 2005-இல் டானிகா பேட்ரிக் சில சுற்றுகள் முன்னிலை வகித்து நான்காவதாக வந்தார்.

உடைந்த சாம்பியன்ஷிப்

வருமானப் பங்கிலும் நிர்வாகத்திலும் தங்களுக்குக் குரல் இல்லை என்று கருதிய அணி உரிமையாளர்கள் 1979-இல் கார்ட் என்ற தனி அமைப்பைத் தொடங்கினார்கள். சாம்பியன்ஷிப் அவர்களிடம் போனது. 500 மட்டும் அமெரிக்க ஆட்டோ கிளப்பின் கையில் இருந்தது. ஹல்மனின் பேரன் டோனி ஜார்ஜ் 1996-இல் தம் சொந்தத் தொடரைத் தொடங்கி, 33 இடங்களில் 25-ஐத் தம் தொடரில் ஓடுபவர்களுக்கு ஒதுக்கினார். கார்ட் அணிகள் அதே நாளில் மிச்சிகனில் போட்டிப் பந்தயம் நடத்தின. பெயர் பெற்ற ஓட்டுநர்கள் அங்கே. பெயர் பெற்ற பந்தயம் இங்கே. சில ஆண்டுகளில் கார்ட் அணிகள் ஒவ்வொன்றாக மே மாதத்தில் இண்டியானாபொலிஸ் திரும்பின. 2008-இல் இரு தொடர்களும் இணைந்தன. பிளவு இரு தரப்பிலும் ரசிகர்களைக் குறைத்திருந்தது.

இதே இடத்தில் 2000 முதல் 2007 வரை ஃபார்முலா ஒன் கார்களும் ஓடின. நீள்வட்டத் தடத்தின் ஒரு பகுதியையும் உள்வெளியில் அமைத்த புதிய பாதையையும் சேர்த்து அமெரிக்க கிராண்ட் பிரி நடந்தது. 2005-இல் சாய்ந்த வளைவின் அழுத்தத்தை மிஷலின் டயர்கள் தாங்காது என்று 14 கார்கள் விலகிக்கொள்ள, ஆறு கார்களே ஓடின. அதில் நான்காவதாக வந்து, ஃபார்முலா ஒன்னில் புள்ளி பெற்ற முதல் இந்தியரானார் தமிழகத்தின் நாராயண் கார்த்திகேயன்.

இன்று

2020 ஜனவரியில் தடமும் இண்டிகார் தொடரும் ஹல்மன் குடும்பத்திடமிருந்து ரோஜர் பென்ஸ்கேயின் கைக்கு மாறின. இந்தப் பந்தயத்தில் அதிக வெற்றிகள் பெற்ற அணியின் உரிமையாளர் அவர். கொரோனாவால் அந்த ஆண்டு பந்தயம் முதன்முறையாக ஆகஸ்டுக்குத் தள்ளிப்போய், பார்வையாளர் இல்லாத அரங்கில் நடந்தது. வென்றவர் ஜப்பானின் தகுமா சாட்டோ. 2017-இல் முதல்முறை வென்றபோதே, இங்கே வென்ற முதல் ஆசியர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்திருந்தது. 2025-இல் ஸ்பெயினின் அலெக்ஸ் பலோ வென்று கோப்பையில் முகம் பெற்றார்.

பந்தயத்துக்கு முன் 33 ஓட்டுநர்களிடமும் வென்றால் எந்தப் பால் வேண்டும் என்று இப்போது கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். முழுக் கொழுப்புப் பால், கொழுப்பு குறைத்த பால், கொழுப்பு நீக்கிய பால் என்று பட்டியல் கொடுக்கப்படுகிறது. லூயிஸ் மேயர் குடித்த மோர் அந்தப் பட்டியலில் இல்லை.